ஆட்டுக்காதில் ஒட்டிய மஞ்சள்

கோவிந்தம்மாளின் வலது ஆள்காட்டி விரலில் ரேகை தேய்ந்துபோய்விட்டது. ரேஷன் கடை மெஷின் அந்த விரலை ஏற்காமல் இரண்டு மாதம் அவளைத் திருப்பி அனுப்பியது. "ஆளு முழுசா முன்னால நிக்கறன். மெஷினு இல்லைன்னு சொன்னா நான் இல்லைன்னு ஆயிருமா?" என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு, கடைசியில் இடது கட்டைவிரலைப் பதித்துவிட்டு அரிசி வாங்கி வந்தாள். ஒன்பது வருடமாக டேப்பை ஒட்டி ஒட்டி உரித்ததில் வந்த வினை அது.

தருமபுரியிலிருந்து இண்டூர் போகிற சாலையில் இருக்கிற ஒரு கல்லூரியில், கூட்டிப் பெருக்குகிற வேலைக்குத்தான் முதலில் அவளை எடுத்தார்கள். அப்போது வயது முப்பத்து நாலு. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். இயற்பியல் துறையின் பின்பக்க அறையில் பேராசிரியர் மாதவராஜ் ஒரு நாள் டேப்பும் கையுமாகத் திண்டாடுவதைப் பார்த்தாள். "சார், இப்பிடிப் பிச்சா பிஞ்சுதான் போவும். படுக்க வச்சு, ஓரத்துலருந்து எடுக்கோணும்" என்றாள். எடுத்தும் காட்டினாள். அன்றைக்கு விளக்குமாறு கை மாறியது. சம்பளச் சீட்டில் மட்டும் 'துப்புரவு' என்ற சொல் மாறவே இல்லை.

அவளுடைய வேலை இதுதான். ஈயம்போல மினுங்குகிற ஒரு கனிமத் துண்டு. மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்தது; அரூர்ப் பக்கத்துப் பாறைகளிலும் இதன் வகை உண்டு. அதை டேப்பில் ஒட்டி, டேப்பை மடித்து, பிரிப்பாள். ஒரு துண்டு இரண்டாகும், இரண்டு நாலாகும், ஒவ்வொரு தடவையும் மெல்லிசாகும். கடைசியில் டேப்பை ஒரு பிளாஸ்டிக் பட்டையில் அழுத்தி, மூச்சை அடக்கி, மெதுவாக எடுப்பாள். பட்டையில் நூறு செதில் ஒட்டியிருந்தால் அதில் ஒன்றோ இரண்டோதான் ஒற்றை அடுக்கு. அதன் கனம் வெறும் மூன்று அணு. தலைமுடியின் கனத்தில் லட்சத்தில் ஒரு பங்கு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஈரத்துணி பட்டுக் காய்ந்த தடம்போல ஒரு நிழல் தெரியும், அவ்வளவுதான். பேராசிரியர் அரைமணி நேரம் தேடுவதை அவள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாள். கண்டதைக் கோடு போடாத நோட்டில் வரைந்து, பெயரும் வைப்பாள். பல்லுப்போன சீப்பு. உடைஞ்ச ஓடு. ஆட்டுக்காது. கம்ப்யூட்டரிலும் அந்தப் பெயர்கள்தான் ஏறின.

கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள் ஆக்சிலியா. ஏரியூர்ப் பக்கத்து விவசாயி சவரியின் மகள். மாதவராஜிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். கோவிந்தம்மாள் அவளிடம் ஒருமுறை கேட்டாள்: "எதுக்கு ஆக்சி இத்தன பாடு? அப்பிடி என்னதான் இருக்குது இதுல?"

"அக்கா, சாதாரணக் கண்ணாடி மேல செவப்பு வெளிச்சம் அடிச்சா செவப்பாத்தான் வரும். இந்தச் செதிலு மேல லேசரு அடிச்சா, ரெண்டு செவப்பு வெளிச்ச மணி சேந்து ஒரே ஊதா மணியா வெளிய வரும். வெளிச்சத்த ரெண்டு பங்கு ஏத்துனா, ஊதா நாலு பங்கு ஏறும்."

"கணக்கு ஒதைக்குதே."

"அந்த ஒதைக்கற கணக்குதான் பாடமே."

"சரி, ஒத்த அடுக்குக்கு எதுக்கு உசுர விடறீங்க? ரெண்டு அடுக்கு இருந்தா ரெண்டு மடங்கு வராதா?"

"வராதுக்கா. ஒன்ன ஒன்னு அடிச்சுக்கும். ஊதாவே காணாம போயிரும்."

"ஓ, பங்காளிங்க மாதிரியா" என்றாள் கோவிந்தம்மாள். ஆக்சிலியா வகுப்பில் பாடம் எடுக்கும்போது இன்றுவரை அந்த உவமையைத்தான் சொல்கிறாள்.

அந்த ஊதா வெளிச்சத்தை நினைத்தபடி கூட்டவும் குறைக்கவும் முடியுமா என்பதுதான் மாதவராஜின் கேள்வி. செதிலை எந்தத் திசையில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து வெளிச்சம் ஏறி இறங்கும். சுற்றிவந்து அளந்து படம் போட்டால் ஆறு இதழ்ப் பூ மாதிரி வரும். செதிலை ஒரு பக்கமாக இழுத்தால் அந்தப் பக்கத்து இதழ்கள் சுருங்கும், குறுக்குப் பக்கத்து இதழ்கள் நீளும். விட்டால் பூ பழையபடி ஆகிவிட வேண்டும். இதற்காகத் தருமபுரி லேத் பட்டறையில் அவர் ஒரு கிளாம்ப் செய்து வாங்கினார். அதன் தலையில் ஒரு திருகு. திருகினால் பிளாஸ்டிக் பட்டை வளையும், அதன் மேல் ஒட்டியிருக்கும் செதில் இழுபடும். குழாயைத் திருகித் தண்ணீரை அளப்பதுபோல ஒளியை அளப்பது. லேசர், பெங்களூரில் ஒரு நண்பர் புதிது வாங்கியதும் கொடுத்த பழையது. ஊதாவை மட்டும் விடுகிற ஃபில்ட்டர் ஒன்று இருந்தது. ஆடி மாதம் கீழே விழுந்து உடைந்தது. புதிதுக்கு எழுதிய கோப்பு மூன்று மாதமாக அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அதே மூன்று மாதத்தில் கல்லூரி வாசலுக்குப் புது வளைவு எழும்பி, அதற்கு வண்ண விளக்கும் வந்துவிட்டது. அதனால் சிவப்பை மட்டும் தடுத்துவிட்டு மற்ற நிறங்களையெல்லாம் உள்ளே விடுகிற பழைய ஃபில்ட்டரை வைத்துக்கொண்டு வேலை நடந்தது.

ஆயுதபூஜை வந்தது. எல்லாத் துறைகளும் கருவிகளுக்குப் பூஜை போடவேண்டும் என்று அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை. அணுவை எண்ணுகிற அறையில் மாவிலை கட்டினார்கள். பட்டம் வாங்கியவர்கள் கைகட்டிப் பவ்யமாக நிற்க, தட்டைத் தூக்கிக்கொண்டு குனிந்து குனிந்து பொட்டு வைக்கிற வேலை ஒப்பந்தப் பணியாளருக்கு வந்தது. எந்த அறிவியலும் அந்தப் பாகப்பிரிவினையைக் கேள்வி கேட்கவில்லை. கோவிந்தம்மாளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. வீட்டில் புருஷனுடைய தக்காளி வண்டிக்கு வைக்கிறதுதானே. மஞ்சளைக் குழைத்து லேசர் பெட்டிக்கு வைத்தாள், மைக்ராஸ்கோப்புக்கு வைத்தாள்.

"கிளாம்ப்புக்கும் நல்லா வைம்மா. நம்ம முக்கியமான சாமான் அதுதான்" என்றார் மாதவராஜ்.

திருகின் தலையில் கட்டியாக ஒரு அப்பு அப்பி, மேலே குங்குமமும் வைத்தாள்.

விடுமுறை முடிந்து வந்ததும், ஆட்டுக்காதைக் கிளாம்ப்பில் பூட்டி அளந்தார்கள். ஒரு சுற்று திருகியதும் திரையில் ஊதா வெளிச்சத்தைக் காட்டுகிற எண் ஏறியது. இரண்டாவது சுற்றுக்கு இன்னும் ஏறியது. ஐந்தாவது சுற்றில் பத்து மடங்கு. மாதவராஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இப்ப லூஸ் பண்ணு."

ஆக்சிலியா திருகைத் தளர்த்தினாள். எண் இறங்கவில்லை.

"சார், எறங்கலயே."

அவர் அறையை இரண்டு தடவை நடந்தார். மூன்றாவது நடையில் நின்றார். "நினைவு! இழுத்தத ஞாபகம் வச்சுக்குது ஆக்சிலியா! இது யாருமே பாக்காதது!"

சுற்றிவந்து பூப் படம் போட அவருக்குப் பொறுமை இல்லை. அது பிறகு ஆகட்டும் என்றார். அன்று மாலையே கட்டுரைக்குத் தலைப்பு எழுதிவிட்டார். பிறகு கோவிந்தம்மாள் பக்கம் திரும்பினார். "செதில் உன்னோடதும்மா. இந்தத் தடவ உம் பேரையும் போடறன். என் பேரு, ஆக்சிலியா, லேசர் குடுத்த பெங்களூர்க்காரர், நாலாவது நீ."

அந்த நாலாவது இடத்துக்கு என்ன விலை என்று கோவிந்தம்மாளுக்குத்தான் தெரியும். ஒன்பது வருடமாகப் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவளை வேலையிலிருந்து எடுப்பார்கள். ஒரு நாள் விட்டுப் 'புதிதாக'ச் சேர்ப்பார்கள். நிரந்தரமாக்கக் கேட்டால் நிர்வாகம் ஒரே பதிலைச் சொல்லும்: "நீ டெக்னீஷியன் வேல பாக்கறன்னு காயிதம் எதாச்சும் இருக்குதா?" நூற்றுக்கணக்கான செதில் எடுத்துத் தந்தவளிடம், அதைச் சொல்ல ஒரு தாள் இல்லை. இப்போது அந்தத் தாள் வரப்போகிறது. பத்து நாளில் அவளுடைய ஒப்பந்தமும் முடிகிறது.

புருஷன் மாதுவிடம் சொன்னாள். அவன் சோற்றில் கை வைத்தபடி சிரித்தான். "உம் பேரு அமெரிக்காக்காரன் படிக்கறானா? மொதல்ல ரேஷன் கடைல உன் வெரலு ஏறட்டும்."

"ஏறும் ஏறும். நீ தின்னு."

அந்த வாரக் கடைசியில் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மாதுவோடு பாலக்கோட்டுக்குப் போனாள். மார்க்கெட்டுக்கு எதிரில் பச்சியப்பன் விதைக் கடை வைத்திருக்கிறான். மாதுவுக்குச் சித்தப்பா மகன். தக்காளி இறக்கிய வண்டிகள் கிளம்புகிற நேரம், கடையில் நல்ல கூட்டம்.

"வாங்கண்ணி! தோ, ரெண்டு நிமிசம்" என்றவன், அவள் நீட்டிய பத்திரிகையை வாங்கிக் கல்லாப் பக்கத்தில் வைத்தான். அங்கே கள்ள நோட்டுப் பார்க்கிற சின்ன ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பத்திரிகை போய் நேராக அதன் அடியில் உட்கார்ந்தது.

பத்திரிகையின் நாலு மூலையும் எரிந்தன. கோவிந்தம்மாளுக்கு அப்படித்தான் தோன்றியது. மஞ்சள் தடவிய நாலு மூலையிலும் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு வெளிச்சம், உள்ளே விளக்கு வைத்ததுபோல. நடுவில் இருக்கும் அச்செழுத்தில் ஒன்றும் இல்லை. பூசிய இடத்தில் மட்டும்.

தன் விரலை நீட்டினாள். காலையில் மஞ்சள் தேய்த்த நகக்கண்ணும் எரிந்தது.

"என்னண்ணி, நோட்டுக்குப் பதிலா வெரலக் காட்டறீங்க? நீங்க ஒரிஜினல்தான், போங்க" என்றான் பச்சியப்பன்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. திருகின் தலையில் அப்பிய மஞ்சள் அவள் கண்முன் நின்றது. திருகத் திருக அது காய்ந்து உதிர்ந்திருக்கும். கீழே பட்டை. பட்டையில் ஆட்டுக்காது. திருகினால் உதிரும்; திருப்பித் தளர்த்தினால் உதிர்ந்தது மேலே போய் ஒட்டிக்கொள்ளுமா? பழைய ஃபில்ட்டர் இந்தப் பச்சை வெளிச்சத்தையும் உள்ளே விட்டிருக்கும். எண் ஏறியதும், இறங்காமல் நின்றதும், சாரின் 'நினைவும்' அந்தக் கடை வாசலிலேயே அவளுக்கு விளங்கிவிட்டன.

வண்டியில் திரும்பும்போது, "என்னாச்சு, பச்சியப்பன் எதாச்சும் சொன்னானா?" என்று கேட்டுக் கேட்டு மாதுவும் ஓய்ந்துபோனான்.

சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? சாருக்குத் தெரியாது, ஆக்சிக்குத் தெரியாது. பேர் வரும், தாள் வரும். சொன்னால் கட்டுரை போகும், பேரும் போகும். மஞ்சள் வைத்த கை அவளுடையது என்பதால் ஒப்பந்தமும் போகலாம். வைக்கச் சொன்ன வாய் யாருடையது என்று எந்த விசாரணையும் கேட்காது. அது அவளுக்குத் தெரியும்.

ஆனால் கட்டுரை அச்சானால் யாரோ படிப்பார்கள். எந்த ஊரிலோ ஒரு ரூமில் எவளோ ஒருத்தி உட்கார்ந்து, 'தருமபுரியில் வந்திருக்கிறது, நமக்கு ஏன் வரவில்லை' என்று டேப்பை உரித்துக்கொண்டே இருப்பாள். வராது. மறுபடியும் உரிப்பாள். இல்லாத ஒன்றுக்காக அவள் விரலும் தேயும். கோவிந்தம்மாள் தன் விரலைப் பார்த்தாள். பாப்பாரப்பட்டி தாண்டுவதற்குள் அவளுக்கு முடிவு தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து, ஆட்டுக்காதை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். தன் நோட்டைப் பக்கத்தில் விரித்தாள். அவள் வரைந்த காதில் எதுவும் இல்லை. லென்சில் தெரிந்த காதின் மேல் மஞ்சள் பொடி, தூவினாற்போல. எண்களை மட்டுமே பார்த்த கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

ஆக்சிலியா வந்ததும் காட்டினாள். ஆக்சிலியா ரொம்ப நேரம் லென்சை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. எடுத்தபோது, "அக்கா, உங்க பேரு..." என்றாள்.

"அத அப்பறம் பேசுவம். சார் வரட்டும்."

மாதவராஜ் கெட்டவர் அல்ல. ஆனாலும் கட்டுரையின் தலைப்பை நாலு நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷர். கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

"மஞ்சளா? என்ன பேச்சு இது? இது லேபா, சமையக்கட்டா?"

"லேபுதானுங்க சார். அதுக்குள்ளதான் என்ன மஞ்ச வைக்கச் சொன்னீங்க."

"நீ... உன் வேல செதில் எடுக்கறது. ரிசல்ட்டப் பத்திப் பேசறதுக்கு..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதி வாக்கியம் மூன்று பேருக்கும் கேட்டது.

கோவிந்தம்மாள் குரலை உயர்த்தவில்லை. "நான் சொல்றத நம்ப வேணாங்க சார். செதிலே இல்லாத புதுப் பட்டை ஒன்னு எடுங்க. அதுல ஒரு துளி மஞ்சத் தூளு போடுங்க. லேசர அடிங்க. எண்ணு ஏறலன்னா நான் வாயே தொறக்கல."

ஆக்சிலியா ஏற்கெனவே புதுப் பட்டையை எடுத்துவிட்டாள்.

அடித்தார்கள். செதில் கிடையாது, திருகு கிடையாது. வெறும் பிளாஸ்டிக்கும் மஞ்சளும். எண் ஏறியது. ஆட்டுக்காதுக்கு ஏறியதைவிடக் கூடவே ஏறியது. செதிலைப் போலவே மஞ்சளும் சிவப்பு மணிகளை இரண்டிரண்டாக வாங்கி எரிந்தது. ஆக்சிலியா திசையை மாற்றி மாற்றிச் சுற்றிவந்து அளந்தாள். ஆறு இதழ் வரவேண்டிய இடத்தில் சப்பாத்தி மாதிரி ஒரு வட்டம் வந்தது.

மாதவராஜ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நினைவுன்னு தலைப்பு வச்சேனே! மஞ்சளுக்கு நினைவுன்னு!" சிரித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்னிச்சிரும்மா. முழுசாச் சொல்லல, ஆனா சொல்ல வந்துட்டன்."

"எனக்குக் கேக்கவே இல்லீங்க சார்" என்றாள் அவள். பொய்தான். அவள் சொன்ன ஒரே பொய் அது.

அன்றே எல்லாப் பொட்டுகளையும் துடைத்தார்கள். ஆட்டுக்காதைக் கழுவுவதுதான் பெரிய வேலை. ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காகித நுனியால் உறிஞ்சி, மறுபடி விட்டு, ஒரு பகல் முழுக்கக் கோவிந்தம்மாள் அதோடு போராடினாள். காதின் நுனி கொஞ்சம் கிழிந்தது. மஞ்சள் போய்விட்டது. மாதவராஜ் கோப்புக்குக் காத்திராமல் சொந்தக் காசில் ஊதா ஃபில்ட்டர் வரவழைத்தார்.

மறுபடி அளந்தார்கள். இந்தத் தடவை பத்து மடங்கு இல்லை. திருகினால் இழுத்த பக்கத்து இதழ்கள் கொஞ்சமே கொஞ்சம் சுருங்கின, குறுக்கு இதழ்கள் கொஞ்சம் நீண்டன. தளர்த்தினால் பூ பழையபடி. ஐம்பது தடவை திருகி, ஐம்பது தடவை தளர்த்தினார்கள். ஐம்பது தடவையும் சொன்ன பேச்சைக் கேட்டது. கடைசிப் பத்துத் தடவை திருகியது கோவிந்தம்மாள்தான். எவ்வளவு திருகினால் எவ்வளவு வெளிச்சம் என்று திருகுவதற்கு முன்பே சொல்லிவிட்டுத் திருகினாள். ஒன்றிரண்டுதான் தவறின. மூன்று அணு கனமுள்ள ஒரு பொருள் தன் விரலுக்கு இணங்கி ஒளியைக் கூட்டிக் குறைப்பதை அவள் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தாள். மதியச் சோறு ஆறிப்போனது.

கட்டுரையின் புதுப் பிரதி தயாரானபோது ஆக்சிலியா அதைக் கொண்டுவந்து காட்டினாள். மேலே மூன்று பெயர். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: செதில் எடுத்து உதவிய கோவிந்தம்மாளுக்கு நன்றி.

அவள் நேராக மாதவராஜ் அறைக்குப் போனாள். "சார், பெரிய ரிசல்ட்டுக்கு நாலாவது பேரு, சின்ன ரிசல்ட்டுக்கு நன்றிங்களா?"

"இல்லம்மா, மொத ரிசல்ட்டுக்குத்தான போடறன்னு... பெங்களூர்க்காரர் வேற என்ன நெனைப்பாரோன்னு..."

"ஆட்டுக்காது யாரு எடுத்தது? கழுவுனது யாரு? மஞ்சளக் கண்டது யாரு? லேசர் குடுத்ததுக்குப் பேரு உண்டுன்னா, இதுக்கு நன்றியா? நன்றி நானே எனக்குச் சொல்லிக்குவன் சார்."

கதவோரத்தில் நின்ற ஆக்சிலியா, "அக்கா பேரு இல்லாத பிரதிய நான் அனுப்ப மாட்டன் சார்" என்றாள். மாதவராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நியாயம் எந்தப் பக்கம் என்று தெரிந்தபின் அதிக நேரம் முரண்டு பிடிக்கிறவர் இல்லை அவர். பேனாவை எடுத்தார். மஞ்சள் கதையையும் பின்னிணைப்பில் எச்சரிக்கையாக எழுத வேண்டும் என்று ஆக்சிலியா சொன்னதற்கு மட்டும் கொஞ்சம் முனகினார். "ஊரு சிரிக்கும்."

"படிச்சுட்டுச் சிரிக்கட்டும் சார்."

கட்டுரை போய், கேள்விகள் வந்து, பதில் எழுதி, அச்சாக ஒரு வருடம் ஆனது. இடையில் வழக்கம்போல ஒரு நாள் விட்டு அவளைப் 'புதிதாக'ச் சேர்த்திருந்தார்கள். அதற்குள் அடுத்த ஆயுதபூஜை வந்துவிட்டது. சுற்றறிக்கையும் வந்தது. அலுவலக எழுத்தர் ஒருவர் தட்டோடு வந்தபோது கோவிந்தம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"கதவுக்கு வைங்கண்ணா, செவுத்துக்கு வைங்க. உள்ள வேணாம்."

"சாமி குத்தம் ஆயிரும்மா."

"எந்தச் சாமிங்கண்ணா அது, லென்ச அழுக்காக்கச் சொன்னது?" என்றவள் இடுப்பிலிருந்து ஒரு ஊதா டார்ச்சை எடுத்தாள், பச்சியப்பனிடம் சொல்லி வாங்கியது. எழுத்தரின் விரலில் வெளிச்சத்தை அடித்தாள். மஞ்சள் படிந்த நகம் பளிச்சென்று எரிந்தது. எழுத்தர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு டார்ச்சைக் கடன் வாங்கிக்கொண்டு வேதியியல் துறைக்குப் போனார், அங்கே இருக்கிறவர்களுக்குக் காட்ட.

அச்சான பக்கத்தை அவள் நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டாள். பணி நிரந்தரக் கோப்பு இப்போது இரண்டாவது மேசையில் இருக்கிறது. ஒன்பது வருடம் முதல் மேசையையே எட்டாத கோப்பு அது. மூன்றாவது மேசைக்கு நகரவில்லையென்றால் என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று அவளிடம் பட்டியல் இருக்கிறது. இப்போது கையில் தாளும் இருக்கிறது.

இன்னொரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மாது கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஆங்கில எழுத்துக்களைக் கூட்டிக் கூட்டிப் பெயர்களைப் படித்தான்.

"மெய்யாலுமே போட்டுட்டானுங்க. ஏன் நாலாவதா இருக்குது?"

"மூணாவது ஆளு லேசர் குடுத்தாரு."

"நீதான செதிலு குடுத்த. அது இல்லாம லேசர எங்க அடிப்பாரு, செவுத்துலயா?"

கோவிந்தம்மாள் சிரித்தாள். "அடுத்ததுல மூணாவதா போடச் சொல்லியிருக்கன்" என்றபடி தாளை வாங்கி, நோட்டுக்குள் ஆட்டுக்காதை வரைந்த பக்கத்தில் வைத்து மூடினாள்.